ஹாஸ்டல் டேங்க்கும் இரண்டு போர்டுகளும்: நெட்வொர்க் எம்பெடட் லேப் நடத்த முழுமையான வழிகாட்டி

எலெக்ட்ரானிக்ஸ் மாணவர் மைக்ரோகன்ட்ரோலர் (கருவியை இயக்கும் சிறு கணினிச் சிப்) லேபில் எல்.இ.டி.யை எரியவிடுகிறார். கம்ப்யூட்டர் சயன்ஸ் மாணவர் நெட்வொர்க் பேப்பரில் ஏழு அடுக்குகளையும் வரிசை மாறாமல் எழுதிவிடுகிறார். இரண்டும் ஒரே மேசையில் சந்திப்பது நம் கல்லூரிகளில் அபூர்வம். ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டில்தான் சந்திக்கின்றன. அதற்குள் நேரம் போய்விடுகிறது. காசு கொடுத்து வாங்கிவரும் ப்ராஜெக்ட்டும் அந்த அவசரத்தில்தான் உள்ளே வருகிறது.

அதனால் மூன்றாம் ஆண்டிலேயே ஒரு செமஸ்டர் முழுக்க ஒரே ஒரு நெட்வொர்க் எம்பெடட் சிஸ்டத்தை, அதாவது நெட்வொர்க்கில் பேசிக்கொள்ளும் சிறு கருவிகளின் தொகுப்பை, கட்டவைக்கும் லேபை நான் சிபாரிசு செய்கிறேன். சென்சார் படிப்பது, டேஷ்போர்டு போடுவது எல்லாம் யூடியூப் பார்த்தே வந்துவிடும். இணைப்பு அறுந்த நேரத்தில் கருவி என்ன செய்ய வேண்டும் என்று தீர்மானிப்பதும், அதைச் செய்கிறதா என்று சோதிப்பதும் அப்படி வராது. இந்த வழிகாட்டி அதற்காகத்தான். மாணவர்களுக்கு சி மொழி தெரியும், மூன்று பேர் ஒரு குழு, வாரம் ஒரு மதியம் முழுக்க லேப், மொத்தம் 14 வாரம் என்று வைத்துக்கொள்கிறேன்.

எல்லாக் குழுவுக்கும் ஒரே பிரச்சினை

ஆளுக்கொரு தலைப்பு வேண்டாம். ஒரே பிரச்சினை என்றால் ஒரு குழுவின் கோளாறு பக்கத்துக் குழுவுக்கும் பாடமாகும். சென்னையில் அதற்கு ஹாஸ்டல் தண்ணீரைவிடப் பொருத்தமானது இல்லை. மெட்ரோ வாட்டரோ லாரித் தண்ணீரோ கீழே சம்ப்பில் விழுகிறது, மோட்டார் அதை மொட்டைமாடி டேங்க்குக்கு ஏற்றுகிறது. பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கும் ஏறக்குறைய வறண்டுபோன 2019 கோடையைப் பார்த்த ஊர் இது. டேங்க் நிரம்பி வழிவது ஏன் குற்றம் என்று இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

தொழில்நுட்பமாகவும் இது நல்ல பிரச்சினை. அளக்கும் இடம் மாடியில், செயல்படும் இடம் தரைத்தளத்தில். நடுவே கான்கிரீட் தளங்கள். இரண்டு போர்டும் பேசித்தான் ஆக வேண்டும், பேச்சு அவ்வப்போது அறுந்தும் போகும்.

ஒரு விதியை முதல் நாளே சொல்லிவிடுங்கள்: மாணவர்கள் 230 வோல்ட்டைத் தொடக் கூடாது. லேபில் இரண்டு பிளாஸ்டிக் வாளியும் 12 வோல்ட் சிறு பம்ப்பும் போதும். செமஸ்டர் முடிவில் தேறிய சிஸ்டத்தை நிஜ மோட்டாரோடு இணைப்பது கல்லூரி எலெக்ட்ரீஷியனின் வேலை.

ரிச்சி தெருவில் என்ன வாங்குவது

அரசினர் தோட்டம் மெட்ரோவில் இறங்கி நடந்தால் ரிச்சி தெரு, சென்னையின் எலெக்ட்ரானிக்ஸ் கடைத்தெரு. குழுவுக்கு இரண்டு ஈ.எஸ்.பி.32 போர்டு (வைஃபை உள்ள மைக்ரோகன்ட்ரோலர் போர்டு, சில நூறு ரூபாய்தான்), ஒரு அல்ட்ராசானிக் சென்சார் (எதிரொலியால் தூரம் அளப்பது), ஒரு ஃப்ளோட் ஸ்விட்ச் (மிதவையால் இயங்கும் ஸ்விட்ச்), ஒரு ரிலே (போர்டு இயக்கும் ஸ்விட்ச்), பிரெட்போர்டு, ஜம்பர் ஒயர், மல்டிமீட்டர். லேபுக்குப் பொதுவாக எட்டு சேனல் லாஜிக் அனலைசர் (ஒயர்களில் ஓடும் சிக்னலைத் திரையில் காட்டும் கருவி) ஒன்றிரண்டு. போர்டுகளை ஒரே கடையில், ஒரே லாட்டில் வாங்குங்கள். யூ.எஸ்.பி. சிப் போர்டுக்குப் போர்டு மாறினால் டிரைவர் தேடுவதிலேயே முதல் மதியம் தீர்ந்துவிடும். பத்துக்கு இரண்டு கூடுதலாக இருக்கட்டும், கட்டாயம் கருகும்.

யூ.எஸ்.பி. கேபிளைக் கடையிலேயே சோதித்து வாங்குங்கள். சார்ஜ் மட்டும் ஏற்றும் கேபிள் நிறையப் புழங்குகிறது. போர்டில் லைட் எரியும், லேப்டாப்பில் போர்ட் தெரியாது. கேபிள் மெலிதாக இருந்தால் இன்னொரு தொல்லை. வைஃபை ஆன் ஆகும் கணத்தில் ஈ.எஸ்.பி.32 சில நூறு மில்லிஆம்பியர் இழுக்கும், வோல்டேஜ் சரியும், போர்டு பிரவுன்அவுட் என்று சீரியல் மானிட்டரில் எழுதிவிட்டு ரீசெட் ஆகும். மாணவர் கோடில் (புரோகிராமில்) தப்பைத் தேடிக்கொண்டிருப்பார். அந்த வரியை வாசிக்கப் பழக்குங்கள்.

நெட்வொர்க் உங்கள் கையில் இருக்கட்டும்

கல்லூரி வைஃபையை நம்பி இந்த லேபை நடத்த முடியாது. லாகின் பக்கம் வரும் வைஃபையில் பிரவுசர் இல்லாத போர்டு உள்ளே நுழையாது. நுழைந்தாலும் ஒரு கருவி இன்னொரு கருவியைப் பார்க்க முடியாதபடி தடுத்திருப்பார்கள். மேலும் அசல் ஈ.எஸ்.பி.32-க்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டுமே தெரியும். சாதாரண வீட்டு ரௌட்டர் ஒன்றும் ப்ரோக்கர் (போர்டுகளின் செய்திகளை வாங்கிப் பிரித்துக் கொடுக்கும் மென்பொருள்) ஓட்ட ஒரு பழைய லேப்டாப்பும் வாங்கி லேப் மூலையில் வையுங்கள். அதற்கு இன்டர்நெட் இணைப்புகூட முதல் பாதியில் தேவையில்லை. சிஸ்டம் டிபார்ட்மென்ட்டிடம் அனுமதியை மட்டும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

ரௌட்டர் சொந்தமாக இருப்பதில் இன்னொரு பெரிய லாபம் உண்டு. நினைத்த நேரத்தில் அதை அணைக்கலாம்.

முதல் மூன்று வாரம் வைஃபை கிடையாது

கேட்பார்கள், கொடுக்காதீர்கள். ஒற்றை போர்டு நம்பகமாக ஓடாதபோது நெட்வொர்க்கையும் சேர்த்தால் கோளாறு எந்தப் பக்கம் என்றே தெரியாது.

அல்ட்ராசானிக் சென்சாரில் தொடங்குங்கள். மலிவான ஹெச்.சி.-எஸ்.ஆர்.04 மாடலின் எக்கோ பின் 5 வோல்ட் தரும், ஈ.எஸ்.பி.32-க்கு 3.3 வோல்ட்தான் பொறுக்கும். 1 கிலோஓம், 2 கிலோஓம் இரண்டு ரெசிஸ்டரால் பிரித்தால் 3.33 வோல்ட். கணக்கைப் போட்டு, மல்டிமீட்டரில் அளந்து காட்டிய பிறகே போர்டில் இணைக்க அனுமதியுங்கள்.

அடுத்து ஒலி வேகம். எல்லா உதாரணக் கோடிலும் ஒரு சென்டிமீட்டருக்கு 58 மைக்ரோசெகண்ட் என்ற எண் இருக்கும். அது 20 டிகிரிக் குளிருக்கான கணக்கு, அப்போது வேகம் விநாடிக்கு 343 மீட்டர். மே மாத மொட்டைமாடியில் கறுப்பு டேங்க்குக்குள் காற்று 35 டிகிரி என்றே வைத்தாலும் வேகம் சுமார் 352 மீட்டர். எதிரொலி சீக்கிரம் திரும்பும், தண்ணீர் இருப்பதைவிட மேலே இருப்பதாகக் கருவி சொல்லும். ஒன்றரை மீட்டர் தூரத்துக்கு 4 சென்டிமீட்டர் பிழை. இதை மாணவர்களே கணக்கிட்டுக் கண்டுபிடிக்க விடுங்கள். உதாரணக் கோடில் உள்ள எண்ணை இனி கேள்வி கேட்காமல் எடுக்க மாட்டார்கள். ஈரம் தாங்கும் சென்சார் வகைக்கு முகத்தருகே 20, 25 சென்டிமீட்டர் வரை அளக்கத் தெரியாது என்பதையும் சொல்லுங்கள். நிறைமட்டத்துக்கு மேலே அந்த இடைவெளி வேண்டும்.

மூன்றாவது வாரம் நேரத்துக்கு. டிலே போட்டு போர்டைத் தூங்கவைக்கும் பழக்கத்தை இங்கேயே விடவைத்துவிடுங்கள். டிலேயில் நிற்கும் போர்டு நெட்வொர்க்கையும் கவனிக்காது, ஃப்ளோட் ஸ்விட்ச்சையும் கவனிக்காது. மில்லிசெகண்ட் எண்ணியை வைத்து நேரம் பார்க்க வேண்டும். அந்த 32 பிட் எண்ணி 49.7 நாளில் நிரம்பிப் பூஜ்யத்துக்குத் திரும்பும். "இப்போதைய நேரம், முந்தைய நேரத்தோடு இடைவெளியைக் கூட்டினால் வருவதைவிடப் பெரிதா" என்று கேட்கும் கோட் அன்றைக்குத் தடுமாறும். "இப்போதையதிலிருந்து முந்தையதைக் கழித்தால் வருவது இடைவெளியைவிடப் பெரிதா" என்று கேட்கும் கோட் தடுமாறாது. 49 நாள் காத்திருக்க வேண்டாம். எண்ணியோடு ஒரு பெரிய எண்ணைக் கூட்டி, ஓடத்தொடங்கிய ஒரு நிமிடத்தில் அது நிரம்பும்படி செய்யச் சொல்லுங்கள். இரண்டு புரோகிராமையும் பக்கத்தில் பக்கத்தில் ஓட்டினால் வித்தியாசம் வகுப்பு முடிவதற்குள் தெரிந்துவிடும்.

பாக்கெட்டைக் கண்ணால் பார்க்கட்டும்

நான்காவது வாரம் வைஃபை. உடனே எம்.க்யூ.டி.டி. (ப்ரோக்கர் வழியே சிறு செய்திகளை அனுப்பும் நெறிமுறை) லைப்ரரிக்குத் தாவ வேண்டாம். போர்டிலிருந்து லேப்டாப்புக்கு யூ.டி.பி.யில் (தனித்தனிப் பாக்கெட்டாக அனுப்பும் முறை) இரண்டே இரண்டு பைட் அனுப்பச் சொல்லி, நெட்வொர்க் பாக்கெட்டுகளைக் காட்டும் வயர்ஷார்க்கில் அதைப் பிடிக்கச் சொல்லுங்கள். டேங்க்கில் 258 லிட்டர் என்று அனுப்பினால் மறுமுனையில் 513 என்று தெரியும். ஈ.எஸ்.பி.32 சிறிய பைட்டை முதலில் வைக்கிறது, நெட்வொர்க் மரபு பெரிய பைட்டை முதலில் எதிர்பார்க்கிறது. வயர்ஷார்க்கின் கீழ்ப்பட்டியில் 02, 01 என்று இரண்டு பைட்டும் தலைகீழாக நிற்பதைப் பார்த்த மாணவருக்கு எண்டியன் (பைட்டுகளின் வரிசை) என்பது தேர்வுக்கான வரையறையாக மட்டும் இருக்காது.

பிறகு டி.சி.பி. போர்டு இரண்டு முறை அனுப்பியது, லேப்டாப்பில் ஒரே கட்டாக வந்து சேரட்டும். டி.சி.பி. தருவது பைட்டுகளின் ஓட்டம். ஒரு செய்தி எங்கே முடிகிறது என்று நாம்தான் குறிக்க வேண்டும். இதற்கு ஒரு முழு மதியம் ஒதுக்கினாலும் தகும்.

இதே வாரத்தில் சிலருக்கு அனலாக் பின் திடீரென்று வேலை செய்யாமல் போகும். வைஃபை ஓடும்போது ஈ.எஸ்.பி.32-இன் இரண்டாவது ஏ.டி.சி.யில் (வோல்டேஜை எண்ணாக மாற்றும் பகுதி) உள்ள பின்களைப் படிக்க முடியாது. டேட்டாஷீட்டைத் திறந்து அவர்களே தேடட்டும்.

எம்.க்யூ.டி.டி.: செய்தியில் என்ன இருக்க வேண்டும்

பாலைவன எண்ணெய்க் குழாய்களைச் சாட்டிலைட் வழியே கண்காணிக்க 1999-இல் ஆண்டி ஸ்டான்ஃபோர்ட்-கிளார்க்கும் ஆர்லன் நிப்பரும் உருவாக்கியது எம்.க்யூ.டி.டி. விலை அதிகமான, அடிக்கடி அறுந்துபோகும் இணைப்புக்காகப் பிறந்த நெறிமுறை என்பதால்தான் நம் லேபுக்கும் பொருந்துகிறது. லேப்டாப்பில் மஸ்கிட்டோ ப்ரோக்கரை நிறுவ அரை மணி நேரம் போதும். நேரத்தைச் செய்தியின் வடிவத்துக்குச் செலவிடுங்கள்.

"நீர்மட்டம் 80" என்று மட்டும் அனுப்பினால் அது எப்போதைய 80? செய்தியில் வரிசை எண், போர்டு இதுவரை எத்தனை முறை பூட் ஆனது, கடைசியாக ஏன் ரீசெட் ஆனது, இந்த அளவு எடுத்து எத்தனை விநாடி ஆகிறது ஆகிய நான்கும் இருக்க வேண்டும். வரிசை எண் 41-க்குப் பிறகு 44 வந்தால் இரண்டு செய்தி தொலைந்தது தெரியும். 41-க்குப் பிறகு 1 வந்தால் மாடிப் போர்டு மறுபடி பூட் ஆனது தெரியும், கரண்ட் போனதா வேறு ஏதாவதா என்பதை ரீசெட் காரணம் சொல்லும். "நேத்து ராத்திரி ஹாஸ்டல்ல ஓடுச்சு சார்" என்று வரும் மாணவரிடம் இந்த எண்களைக் கேளுங்கள். 1997-இல் செவ்வாயில் இறங்கிய நாசாவின் பாத்ஃபைண்டர் விண்கலம் தானாக ரீசெட் ஆகிக்கொண்டிருந்தபோது, பூமியில் இருந்தபடியே காரணத்தைக் கண்டுபிடித்துச் சரிசெய்ய முடிந்ததற்கு, கண்காணிக்கும் வசதியைப் பறக்கும் மென்பொருளிலும் விட்டுவைத்திருந்தது பெரிய காரணம். டிபக் வரிகளை (கோளாறு தேட எழுதிய வரிகளை) டெமோவுக்கு முன்னால் அழித்துவிடும் மாணவர்களுக்கு இதைச் சொல்வேன்.

கட்டளையை எப்படி எழுதுவது என்பது அதைவிட முக்கியம். எம்.க்யூ.டி.டி.யில் செய்தி சேரும் உறுதியை (க்யூ.ஓ.எஸ்.) 1 என்று கேட்டால் செய்தி குறைந்தது ஒருமுறை வரும், அதாவது இருமுறையும் வரலாம். "மோட்டார் நிலையை மாற்று" என்ற கட்டளை இருமுறை வந்தால் மோட்டார் பழைய நிலைக்கே திரும்பிவிடும். "மோட்டார் ஓடட்டும்" என்பது பத்து முறை வந்தாலும் பாதகமில்லை. கடைசிச் செய்தியை ப்ரோக்கரில் வைத்திருக்கச் சொல்லும் ரீட்டெய்ன் கொடியை நீர்மட்டச் செய்திக்குப் போடலாம், கட்டளைக்குப் போடவே கூடாது. போட்டால் "ஓடட்டும்" என்பது ப்ரோக்கரில் தங்கிவிடும். மூன்று நாள் கழித்து கரண்ட் வந்து போர்டு எழுந்ததும் அந்தப் பழைய கட்டளை கைக்கு வரும், யாரும் கேட்காமலேயே மோட்டார் ஓடும்.

அறுக்கும் வாரங்கள்

ஒன்பதாவது வாரம் வாக்கில் எல்லாக் குழுவின் வாளியிலும் தண்ணீர் ஏறி இறங்கும், டேஷ்போர்டு அழகாக இருக்கும். பல கல்லூரிகளில் இங்கேதான் டெமோ முடிந்து ரெக்கார்ட் நோட்டில் கையெழுத்து விழுகிறது. நம் லேபின் முக்கியமான பகுதி இங்கே ஆரம்பிக்கிறது. ஓடுகிற சிஸ்டத்தை வேண்டுமென்றே அறுத்துப் பார்க்க நான்கு வாரம் ஒதுக்குங்கள்.

முதலில் காகிதத்தில். ரௌட்டர் அணைந்தால், ப்ரோக்கர் நின்றால், சென்சார் ஒயர் கழன்றால், மாடியில் மட்டும் கரண்ட் போனால், ரிலே ஒட்டிக்கொண்டால் கருவி என்ன செய்ய வேண்டும் என்று ஒவ்வொரு குழுவும் எழுதித் தரட்டும். பிறகு ஒரு குழுவின் சிஸ்டத்தை இன்னொரு குழு அறுக்கட்டும். கட்டியவர் அறுத்தால் தெரிந்த இடத்தில்தான் கை போகும்.

இந்த ஒரு கேள்வியில் நிறைய நேரம் நில்லுங்கள்: மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும்போது டேங்க் போர்டு மௌனமாகிவிட்டால்? போர்டு இறந்தால் ப்ரோக்கர் அதன் சார்பில் மற்றவர்களுக்கு அனுப்பும் லாஸ்ட் வில் செய்தி இருக்கிறதே என்பார்கள். கீப்அலைவ் (போர்டு தான் உயிரோடு இருப்பதைத் தெரிவிக்க வேண்டிய இடைவெளி) 60 விநாடி என்றால் அதில் ஒன்றரை மடங்கு, அதாவது 90 விநாடி கழித்தே ப்ரோக்கர் அந்தப் போர்டை இறந்ததாகக் கருதும். ப்ரோக்கரே போய்விட்டால் அந்தச் செய்தியும் வராது. எனவே மோட்டார் போர்டு தகவல் வரும்வரை காத்திருக்கக் கூடாது, கெடு வைத்து ஓட வேண்டும். டேங்க் போர்டு 30 விநாடிக்கு ஒருமுறை மட்டம் சொல்கிறது. 2 நிமிடத்துக்குள் புதிய செய்தி வரவில்லையென்றால் மோட்டார் போர்டு யாரையும் கேட்காமல் மோட்டாரை நிறுத்த வேண்டும். இந்த முடிவு சர்வரில் இருக்கக் கூடாது, மோட்டாருக்கு அருகே இருக்கும் போர்டில் இருக்க வேண்டும்.

அப்படியானால் வைஃபை நாள் முழுக்க இல்லாவிட்டால் ஹாஸ்டலுக்குத் தண்ணீரே ஏறாது. காலை 6 மணிக்குக் குழாயில் தண்ணீர் வராததும் தோல்விதான். கையால் போடும் ஸ்விட்ச் எப்போதும் வேலை செய்ய வேண்டும், டேங்க் நிறைமட்டத்தில் ஃப்ளோட் ஸ்விட்ச் மென்பொருள் எதையும் கேட்காமல் மோட்டாரை வெட்ட வேண்டும். இந்த விவாதத்தில் மாணவர்கள் சண்டை போடட்டும். வார்டனையோ மோட்டார் போடும் அண்ணனையோ ஒரு மதியம் லேபுக்கு அழைத்துக் கேட்டால், யாருக்கும் தோன்றாத நிலைமைகளை அவர் சொல்வார்.

அடுத்த சோதனை கரண்ட். லேபின் மொத்த சப்ளையையும் அணைத்துப் போடுங்கள். போர்டு ஒன்றிரண்டு விநாடியில் எழுந்துவிடும், ரௌட்டர் எழ ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகலாம். தொடக்கத்தில் ஒருமுறை மட்டும் வைஃபை தேடிவிட்டுக் கைவிடும் கோட் அதற்குப் பிறகு எழவே எழாது. மொட்டைமாடியில் ஏறி யாராவது ரீசெட் அழுத்த வேண்டும். விடாமல் தேடும் கோடிலும் சிக்கல் உண்டு. எல்லாப் போர்டும் ஒரே கணத்தில் ரௌட்டரை முட்டும். தோற்கும் ஒவ்வொரு முறையும் காத்திருக்கும் நேரத்தை இரட்டிப்பாக்கி, அதோடு ஒரு சீரற்ற எண்ணையும் கூட்டச் சொல்லுங்கள். கோட் உறைந்துபோனால் போர்டைத் தானாக ரீசெட் செய்யும் வாட்ச்டாக் டைமரையும் இப்போதே போடுங்கள்.

இணைப்பு இல்லாத நேரத்து அளவுகளைச் சேமித்துப் பின்னால் அனுப்பக் கேட்கும் குழுக்களுக்கு ஒரு எச்சரிக்கை: ஃப்ளாஷ் மெமரியின் ஒரு பகுதியைச் சுமார் 1 லட்சம் முறைதான் அழித்து எழுதலாம். 30 விநாடிக்கு ஒருமுறை ஒரே இடத்தில் எழுதினால் 35 நாளில் அந்த எண்ணிக்கை வந்துவிடும். சேர்த்து வைத்து எழுதுவதும் இடம் மாற்றி எழுதுவதும் ஏன் என்று அந்தக் கணக்கே சொல்லிவிடும்.

பாதுகாப்பு

2016-இல் மிராய் என்ற தீம்பொருள் லட்சக்கணக்கான கேமராக்களையும் ரௌட்டர்களையும் பிடித்தது, தொழிற்சாலையில் வைத்த பாஸ்வேர்டை யாரும் மாற்றாததால். எனவே ஒவ்வொரு போர்டுக்கும் தனி யூசர்நேம், தனி பாஸ்வேர்டு. டேங்க் போர்டுக்கு மோட்டார் கட்டளைகள் போகும் டாப்பிக்கில் (ப்ரோக்கரில் செய்திகளுக்கான தலைப்பு) எழுத உரிமை இருக்கக் கூடாது.

இணைப்பைப் பூட்டும் டி.எல்.எஸ். முறையைப் போடும்போது ஒரு பொறி இருக்கிறது. போர்டு எழும்போது அதன் கடிகாரம் 1970 ஜனவரியில் நிற்கும். சர்வரின் அடையாளச் சான்றிதழ் இன்னும் செல்லுபடியாகத் தொடங்கவில்லை என்று இணைப்பு மறுக்கப்படும். மாணவர்கள் தேடிப்பார்த்து, சான்றிதழைச் சரிபார்க்காமல் விடும் ஒற்றை வரியைச் சேர்த்துவிடுவார்கள், எல்லாம் ஓடும். அந்த வரி இருந்தால் மார்க் குறையுங்கள். முதலில் என்.டி.பி.யில் (நெட்வொர்க் வழியே நேரம் கேட்கும் முறை) நேரத்தைப் பெற்று, பிறகு இணைவதே வழி. பாஸ்வேர்டை கிட்ஹப்பில் ஏற்றிவிடும் பழக்கத்தையும் இங்கேயே நிறுத்துங்கள்.

மொட்டைமாடியில்

பிளக் பாயின்ட் இல்லாத டேங்க்குக்கு பேட்டரி வேண்டும். 10 நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து 5 விநாடி 100 மில்லிஆம்பியர் எடுக்கும் போர்டுக்குச் சராசரி 0.83 மில்லிஆம்பியர். தூக்கத்தில் சிப் மட்டும் 10 மைக்ரோஆம்பியர் எடுத்தால் 2000 மில்லிஆம்பியர்-மணி பேட்டரி, கணக்குப்படி, சுமார் 99 நாள் வரும். அதே போர்டில் பவர் எல்.இ.டி.யும் ரெகுலேட்டரும் யூ.எஸ்.பி. சிப்பும் விழித்திருந்து 5 மில்லிஆம்பியர் இழுத்தால் 14 நாள். தூக்கக் கரண்ட்டை மல்டிமீட்டரில் அளக்காத குழுவின் பேட்டரிக் கணக்கை ஏற்காதீர்கள். 10 நிமிடத்துக்கு ஒருமுறை பேசும் போர்டை நம்பி 2 நிமிடக் கெடு வைக்கவும் முடியாது. பேட்டரியையும் கெடுவையும் சேர்த்தேதான் தீர்மானிக்க வேண்டும்.

வைஃபை எட்டாத வளாகத்தில் தூரமாகப் போகும் லோரா ரேடியோ உதவும். இந்தியாவில் உரிமம் தேவைப்படாத 865 முதல் 868 மெகாஹெர்ட்ஸில் ஓடும் மாட்யூலா என்று பார்த்து வாங்குங்கள், வேறு நாட்டு அலைவரிசை மாட்யூல்களும் கடையில் கிடக்கும். பெட்டி ஈரம் புகாததாக இருக்கட்டும், ஒயர் நுழையும் துளை கீழ்ப்பக்கம் இருக்கட்டும். கடற்காற்று அடிக்கும் வளாகத்தில் பிரெட்போர்டு தாங்காது, சால்டர் செய்த போர்டுதான். துளையை அடைக்காவிட்டால் எறும்பும் பல்லியும் குடிவந்துவிடும்.

மார்க் எப்படிப் போடுவது

ஓடுகிற டெமோவுக்கு 100-இல் 20-க்கு மேல் கொடுக்காதீர்கள். 40 மார்க் அறுக்கும் வாரங்களுக்கு, எழுதித் தந்த நடத்தையும் நிஜ நடத்தையும் ஒத்துப்போகிறதா என்பதற்கு. 25 தனித்தனி வைவாவுக்கு, மீதி லேப் நோட்டுக்கு. வைவாவை மேசையிலேயே நடத்துங்கள். மாணவர் வெளியே நிற்கும்போது ஒரு ஜம்பர் ஒயரைக் கழற்றுங்கள், அல்லது ப்ரோக்கரில் பாஸ்வேர்டை மாற்றுங்கள். உள்ளே வந்து எங்கே கோளாறு என்று தேடட்டும். கண்டுபிடிப்பது பாதி மார்க்தான். எந்த வரிசையில் தேடினார், எதை அளந்து எதை விலக்கினார் என்பது மீதி. புரோகிராமை நண்பரிடமோ சாட்பாட்டிடமோ வாங்கிவந்தவருக்கும் இந்தத் தேர்வைத் தப்ப வழியில்லை, எழுதியவருக்கு இது பயமும் இல்லை.

ஒப்படைப்பு

கடைசி வாரம் எந்தப் புதிய வசதியும் சேர்க்கக் கூடாது. நல்ல சிஸ்டம் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, செமஸ்டர் லீவு முழுக்க ஓடவிடுங்கள். மோட்டார் ஸ்விட்ச்சுக்குப் பக்கத்தில் தமிழில் ஒரு பக்கம் ஒட்டச் சொல்லுங்கள்: எந்த நிற லைட் எரிந்தால் என்ன அர்த்தம், கருவியை மொத்தமாக விலக்கிவிட்டுக் கையால் மோட்டார் போடுவது எப்படி, யாரைக் கூப்பிடுவது. அதை எழுதிய மாணவர், மோட்டார் போடும் அண்ணனிடம் அதைக் கொடுத்து, விளக்கம் எதுவும் சொல்லாமல் அவரையே ஒருமுறை செய்துகாட்டச் சொல்ல வேண்டும். அவர் தடுமாறும் வரிகளைத் திருத்தி மறுபடி ஒட்ட வேண்டும். லீவு முடிந்து வந்ததும் அந்த போர்டின் பூட் எண்ணிக்கை, தொலைந்த வரிசை எண்கள், ரீசெட் காரணங்கள் அடங்கிய லாகை அடுத்த பேட்ச்சின் முதல் வகுப்பில் பிரின்ட் எடுத்துக் கொடுங்கள். அவர்களின் முதல் அசைன்மென்ட், ஒவ்வொரு இடைவெளியிலும் என்ன நடந்திருக்கும் என்று எழுதுவது.